காசு வந்தபோது சாட்சி, போனபோது சாபம்

திருகோணமலை உப்புவெளியில் கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே தள்ளி, என் சீதனக் காணியில் ஐந்து அறைகளோடு ஒரு விருந்தினர் விடுதி நடத்துகிறேன். இன்றும் நடத்துகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசிக்கிறவர்கள் கடைசிவரை பதைபதைக்க வேண்டியதில்லை. ஆனால் 2019க்கும் 2023க்கும் இடையில் அந்தக் காணியில் ஒரு துண்டும், கையிலும் கழுத்திலும் கிடந்ததில் பெரும்பகுதியும் போயின. ஞாயிற்றுக்கிழமை காலையில் சபைக்குள் நிமிர்ந்து நடந்துபோய் ஒரு கதிரையில் உட்காரும் தைரியமும் அவற்றோடு சேர்ந்து போயிற்று. காசு போனால் யாருக்கும் மனம் நோகும். கிறிஸ்தவர்களாகிய எங்களுக்கு அதற்கு மேலும் ஒரு சுமை ஏற்றப்படுகிறது: போனது காசு மட்டுமல்ல, கடவுளின் தயவும்தான் என்று. அந்தச் சுமையை நான் தனியாகத்தான் சுமந்தேன். யாராவது ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் கடன் குறைந்திராது. ஆனால் இரவில் உறங்கியிருப்பேன்.

என் கணவர் 2015இல் மாரடைப்பில் இறந்தார். அவருடைய ஊழியர் சேமலாப நிதிப் பணத்தைக் கொண்டு வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகளைக் கட்டினேன். வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள், மறுபடியும் வந்தார்கள், தங்கள் நண்பர்களையும் அனுப்பினார்கள். 2017 நடுப்பகுதியில் இன்னும் மூன்று அறைகளுக்காக வங்கியில் 45 இலட்சம் ரூபாய் கடன் எடுத்தேன். பத்து வருடக் கடன், வட்டி அப்போது 13 வீதம், மாதத் தவணை ஏறத்தாழ 67,000 ரூபாய். கிழக்குக் கரையின் கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்களுக்குப் பருவம் சித்திரைக்குப் பிறகு தொடங்கிப் புரட்டாதியோடு முடிந்துவிடும். அதன்பின் மழை, கலங்கிய கடல், பூட்டிய அறைகள். ஆக ஐந்து மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதத் தவணையைக் கட்டவேண்டும். நல்ல வருடத்தில் அது முடியும். 2018 நல்ல வருடம். அந்த வருடம் நாட்டுக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமான பயணிகள் வந்தார்கள். புறாத்தீவுக்குப் படகேறுகிறவர்களுக்காக விடியமுன்னரே எழுந்து இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொடுப்பேன். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தபோது, தவணைகள் போக ஒன்பது இலட்சம் மீதி இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு காசு என் பெயரில் ஒருநாளும் இருந்ததில்லை.

நான் பிறந்தது மெதடிஸ்தக் குடும்பத்தில். கணவர் இறந்த பிறகு ஒரு புதிய ஜெபக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினேன். காரணம் எளிது: பரம்பரைச் சபையார் அடக்கத்துக்கு வந்தார்கள், நல்ல முறையில் நடத்தி வைத்தார்கள், போய்விட்டார்கள். இவர்கள் அதன் பிறகும் வந்தார்கள். சமைத்துக் கொண்டுவந்தார்கள், அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தார்கள், மகனுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது; அதை மறைத்துவிட்டு அவர்களைக் குறைசொல்வது நியாயமில்லை.

2018 வருட இறுதி நன்றிக் கூட்டத்தில், கடவுள் எனக்குச் செய்ததை எல்லோர் முன்னாலும் சாட்சியாகச் சொல்ல என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பின்னால் கீபோர்ட் மெல்லியதாக வாசித்துக்கொண்டிருந்தது. போதகர் ஒலிவாங்கியை என் வாய்க்கருகே பிடித்து, "எத்தனை அறை, சகோதரி?" என்று கேட்டார். "ஐந்து" என்றேன். "பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை!" "ஐந்து!" கைதட்டல். "ஏசி எல்லா அறையிலும் இருக்கிறதா?" எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "மூன்றில் இருக்கிறது" என்றேன். "மற்ற இரண்டுக்கும் தேவன் தரப்போகிறார்!" என்று அவர் முழங்க, முன்னதைவிடப் பெரிய கைதட்டல். விதவையாக நின்றவளைத் தேவன் முதலாளியாக்கினார் என்று சொல்லி முடித்துவைத்தார். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று உடம்பு சிலிர்த்தது. கல்யாண வீட்டில் ஆலாத்தி எடுக்கும் நேரத்தில் தானாகவே பின்வரிசைக்கு ஒதுங்கிப் பழகிய ஒருத்தியை முன்வரிசையில் உட்காரவைத்தால் அவளுக்கு வேறு எப்படி இருக்கும்? விசுவாசிக்குக் கடவுள் காசும் சொத்தும் தருவார் என்னும் செழிப்பு உபதேசத்தை நம்புகிறவர்களைப் பேராசைக்காரர்கள் என்று இலேசாகச் சொல்லிவிடுகிறோம். அங்கே வந்தவர்களில் பெரும்பாலானோருக்குத் தேவைப்பட்டது பணத்தைவிட மரியாதை. கடன்பட்டவன், கைவிடப்பட்டவள், போரிலும் சுனாமியிலும் எல்லாம் தொலைத்தவன், இவர்களிடம் "நீ ராஜாவின் பிள்ளை" என்று ஒருவர் சொன்னால் முதுகு தானாக நிமிரும். சிக்கல் என்னவென்றால், அந்த மரியாதைக்கு ஆதாரமாக அவர்கள் காட்டியது என் அறைகளை. அறைகள் காலியானால் என்ன செய்வது என்பதற்கு அந்த உபதேசத்தில் பதில் இல்லை.

மேடையில் வருமானம் பற்றிய சாட்சி சொல்லக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். இது என் முதல் புத்திமதி. சுகமானதைச் சொல்லுங்கள், மன்னிப்புப் பெற்றதைச் சொல்லுங்கள், தொகையையும் சொத்தையும் சொல்லாதீர்கள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் சபையைச் சேர்ந்த மூன்று குடும்பங்கள் கைமாற்றுக் கேட்டு வந்தார்கள். ஒருவருக்கு முச்சக்கரவண்டித் தவணை, ஒருவருக்கு மகளின் வெளிநாட்டுப் பயணம், ஒருவருக்கு வைத்தியச் செலவு. எல்லாம் உண்மைத் தேவைகள்தான். மூன்றிலும் சேர்த்து மூன்றரை இலட்சம் போயிற்று; நாற்பதினாயிரம் திரும்பி வந்தது. விசுவாசிகளுக்குள் எழுத்து எதற்கு என்பார்கள். விசுவாசிகளுக்குள்தான் எழுத்து அவசியம், ஏனென்றால் அவர்களை நீங்கள் வாராவாரம் பார்க்கவேண்டியிருக்கும். தொகை, திகதி, திருப்பித் தரும் முறை, இரண்டு கையெழுத்து. ஒரு கொப்பித் தாள் போதும். எழுத மனமில்லாவிட்டால் திரும்பி வராது என்று நினைத்து, முடிந்த அளவு சிறு தொகையை அன்பளிப்பாகவே கொடுத்துவிடுங்கள்.

அதே மாதத்தில் புதிய மண்டபத்துக்கான பொருத்தனையும், அதாவது காணிக்கை தருவதாக நேர்ந்துகொள்வதும், வந்தது. உறை ஒன்றில் பெயரும் தொகையும் எழுதவேண்டும். எழுதியதைப் போதகர் உரத்து வாசிப்பார். எனக்கு முன் எழுதியவர் மூன்று இலட்சம். முன்வரிசைக்காரி குறைத்து எழுத முடியுமா? ஐந்து இலட்சம் எழுதினேன். தை மாதமே இரண்டு இலட்சத்தைக் கட்டிவிட்டேன், அந்த ஒன்பது இலட்சத்திலிருந்து. பருவகாலத் தொழில் செய்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். பருவம் முடிந்து கையில் நிற்கும் காசு இலாபமல்ல. அதற்குள் வரும் மழைக்காலத் தவணைகள் இருக்கின்றன, அடுத்த பருவம் பிழைத்துப்போனால் கட்டவேண்டிய தவணைகளும் இருக்கின்றன. அந்த இரண்டையும் வேறொரு கணக்கில் போட்டுப் பூட்டிவிட்டு மிஞ்சுவதிலிருந்துதான் காணிக்கை, நகை, ஏசி எல்லாம். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று இயேசு கேட்டது லூக்கா பதினான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. கட்டட நிதிக்காகப் பேசுகிற எவரும் அந்த வசனத்தை எடுத்து நான் கேட்டதில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் நடந்த குண்டுவெடிப்புகளை எல்லோரும் அறிவார்கள். எங்களுக்கு, அன்றே குண்டு வெடித்த மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் இன்னும் கிட்டியது. எங்கள் கூட்டத்தில் பலருக்கு அங்கே உறவினர் இருந்தார்கள். இறந்தவர்களில் பலர் சிறுவர்கள், ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்றவர்கள். அந்தக் கிழமை யாருக்கும் வியாபாரம் நினைவில் இல்லை. அடுத்த கிழமை தொலைபேசியைத் திறந்தால் முன்பதிவுகள் ஒவ்வொன்றாக இரத்தாகியிருந்தன. பருவம் தொடங்கும் நேரம் அது. ஆவணி வரைக்கும் நிரம்பியிருந்த அறைகள் சித்திரை முடிவதற்குள் காலியாகின. அடுத்த வருடம் கொவிட். 2021இல் நாடு முழுவதற்கும் வந்த பயணிகள் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. உப்புவெளிக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். 2022இல் டொலர் தட்டுப்பாடு, பெற்றோல் வரிசை. கொழும்பிலிருந்து உள்ளூர்ப் பயணிகளாவது வருவார்கள் என்றால் அவர்களுக்கு வாகனத்தில் எண்ணெய் இல்லை.

கடன் நிவாரணம் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் என்னைப்போல் பலர் இதில்தான் விழுந்தார்கள். தாக்குதலுக்குப் பிறகு சுற்றுலாத் துறைக் கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டது. கொவிட் வந்ததும் அது மீண்டும் வந்தது, நீண்டது. தவணை கட்டவேண்டாம் என்றதும் சபையில் அதை அற்புதம் என்று அறிவித்து ஸ்தோத்திரம் செய்தோம். நின்றது தவணை மட்டும்தான், வட்டி நிற்கவில்லை. 2019 ஏப்ரலில் 40 இலட்சமாக இருந்த மீதி, 2022 ஆரம்பத்தில் 52 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. நிவாரணம் எடுக்கும்போது மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்: இந்தக் காலத்து வட்டி முதலோடு சேர்க்கப்படுமா அல்லது தனிக் கணக்காக வைக்கப்படுமா; அந்த வட்டிக்கு மேல் வட்டி உண்டா; நிவாரணம் முடிந்ததும் தவணை கூடுமா அல்லது காலம் நீளுமா. கருமபீடத்தில் இருக்கும் பிள்ளை வாயால் சொல்வது உங்களையும் கட்டுப்படுத்தாது, வங்கியையும் கட்டுப்படுத்தாது. நிவாரண காலத்திலும் ஐயாயிரமோ பத்தாயிரமோ வட்டிக்குக் கட்ட முடிந்தால் கட்டுங்கள். இன்னொன்று, உங்கள் கடன் நிலையான வட்டியா, மாறும் வட்டியா என்று இன்றைக்கே ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். என்னுடையது மாறும் வட்டி. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் ஏழு வீதப் புள்ளிகள் உயர்த்தியது. சில மாதங்களுக்குள் என் கடன் வட்டி 24 வீதம். 67,000 ஆக இருந்த தவணை 1,22,000 ஆயிற்று. கடிதத்தைப் பார்த்து அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன்.

இந்தக் காலத்தில் சபையில் நடந்ததைச் சொன்னால்தான் மீதி விளங்கும். முதல் வருடம் ஜெபித்தார்கள். இரண்டாம் வருடம் விசாரிக்கத் தொடங்கினார்கள். வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகத்தை முழுவதும் கொடுத்தீர்களா, பயணிகள் அறைக்குள் மது குடிக்க விட்டீர்களா, கல்யாணமாகாத சோடிகளுக்கு அறை கொடுத்தீர்களா? தசமபாகம் கொடாதவர்கள் சபிக்கப்பட்டவர்கள் என்னும் மல்கியா மூன்றாம் அதிகாரம் மறுபடி மறுபடி வாசிக்கப்பட்டது. எனக்குள் ஒன்றும் அகப்படாதபோது கணவரின் பாட்டி வழியில் பரம்பரைச் சாபம் இருக்கலாம் என்று உபவாச ஜெபம் வைத்தார்கள். என் மாமியாரின் தாய் கோணேசர் கோயில் தேருக்கு ஒரு வருடமும் தப்பாமல் போனவர். பெரும் உபகாரி, நான் கல்யாணமாகி வந்தபோது என் தலையைத் தடவி ஆசீர்வதித்தவர். அந்தக் கிழவியின் பெயரைச் சொல்லி அந்தச் சாபத்தை நான் அறுத்துவிட வேண்டுமாம். முழந்தாளில் இருந்தபடியே வாயை மூடிக்கொண்டேன். பொருத்தனையின் மீதி மூன்று இலட்சம் மட்டும் சாபம் தீண்டாத கணக்காக இருந்தது. அதற்கு நினைவூட்டல் தவறாமல் வந்தது. 2020இல் இரண்டு காப்புகளை விற்று ஒரு இலட்சத்தைக் கட்டினேன். அந்தக் காப்புகளின் இன்றைய விலையை நான் விசாரிப்பதில்லை. முன்வரிசையிலிருந்து யாரும் என்னை எழுப்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிந்திப் போனேன், என் கதிரையில் புதிதாகக் கடை திறந்த ஒரு தம்பதியர் இருந்தார்கள், அவ்வளவுதான்.

அக்காலத்தில் நான் எப்படி இருந்தேன் என்றால், சந்தைக்குப் போகச் சபையார் வராத நேரமாகப் பார்த்துப் போவேன். சாறியை மாற்றி மாற்றி உடுத்துவேன், நான்கே நல்ல சாறி என்று தெரியக்கூடாதே. மகனிடம் கத்துவேன். இரத்த அழுத்தம் கூடி ஆஸ்பத்திரியில் மாத்திரை தொடங்கினார்கள். எல்லாவற்றையும்விட மோசம், எனக்கு நானே நீதிபதியாகிவிட்டேன். இரவில் உட்கார்ந்து பழைய பாவங்களைத் தேடுவேன். பத்தாம் வகுப்பில் பார்த்து எழுதியதுவரை போய்விட்டேன். வேதத்தில், துன்பம் வந்தால் பாவம்தான் காரணம் என்று யோபுவைக் குற்றம்சாட்டிய நண்பர்கள் அவனுக்கு வெளியே இருந்தார்கள், என்னுடையவர்கள் உள்ளேயே குடியேறிவிட்டார்கள். யோபு புத்தகத்தின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த நண்பர்கள்மேல்தான். இதையும் நான் மறந்திருந்தேன். என்னை நிறுத்தியது சீயோன் முற்றத்துப் பிள்ளைகள். நட்டம் வந்தால் இரகசியப் பாவம் என்ற கணக்கை அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கு முன்னால் யார் போடுவார்கள்? அங்கே போட முடியாத கணக்கு என் அறைகளுக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்? இந்தக் கேள்வியை நான் போதகரிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

புதிய சபைகளின் நோய் இது என்று முடித்துவிட வேண்டாம். இந்தச் சின்ன ஊரில் காசு பற்றிக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே பலவிதமான எண்ணங்கள் உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மனிதனைக் குனியவைக்கும். என் தாய்ச் சபையான மெதடிஸ்தச் சபையில் செழிப்பு உபதேசம் கிடையாது. ஆனால் அறுவடை விழா ஏலத்துக்கு வந்து பாருங்கள். யாரோ ஒரு தாய் வீட்டு முற்றத்தில் காய்த்த பூசணிக்காயைத் தலையில் சுமந்துகொண்டு வந்து வைத்திருப்பாள். இரண்டு பெரியவர்கள் அதைப் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் என்று ஏற்றுவார்கள், மண்டபம் சிரித்து ஆரவாரிக்கும். பூசணிக்காய் கொடுத்தவளின் பெயரை யாரும் கேட்கமாட்டார்கள். வருட அறிக்கையில் ஆளாளுக்கு எவ்வளவு சந்தா என்று அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுக்கும் வழக்கமும் உண்டு. ஆசிரியருக்கும் அரசாங்க உத்தியோகத்தருக்கும் அங்கே ஒரு நாற்காலி, கடற்றொழிலாளிக்கு வேறு நாற்காலி. பொன்மோதிரம் போட்டவனை நல்ல இடத்திலும் கந்தை உடுத்தவனைக் காலடியிலும் உட்காரவைக்காதே என்று யாக்கோபு எழுதியது எல்லாச் சபைக்கும்தான். எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பாலையூற்று லூர்து அன்னை திருத்தலத்துக்கு ஒவ்வொரு திருநாளுக்கும் நடந்தே போகும் என் அயல்வீட்டு அக்கா, "காசு வந்தால் வெளியே காட்டாதே, வறுமைதான் புண்ணியம்" என்பவர். அவருடைய மகன் மீன் ஏற்றுமதியில் நன்றாகச் சம்பாதிக்கிறான். புது வீடு கட்டியதற்காக அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் பேசுகிறான். இருந்தால் குற்றவுணர்வு, இல்லாவிட்டால் அவமானம். வறுமையும் வேண்டாம், செல்வமும் வேண்டாம், என் அளவை எனக்குத் தா என்று நீதிமொழிகள் முப்பதாம் அதிகாரத்தில் ஒரு ஜெபம் இருக்கிறது. அதை எந்த மேடையிலும் சத்தமாகச் சொன்னால் கைதட்டல் கிடைக்காது.

தாய்ச் சபையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர் ஒருவர்தான் என்னைக் கரையேற்றியவர். எழுபது கடந்த மனிதர். விழாச் சந்தாவுக்காக வீட்டுக்கு வந்தார். அம்மா அழுதுகொண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். எனக்கு அம்மாமேல் அப்படிக் கோபம். ஐயா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "பிள்ளை, வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வாரும்" என்றார். பாதி உறைகளை நான் கிழித்தே பார்த்திருக்கவில்லை. அவர் ஒவ்வொன்றையும் தன் பேனைக் கத்தியால் ஓரத்தில் கீறித் திறந்து, திகதி வரிசையில் அடுக்கி, ஒரு சீ.ஆர். கொப்பியில் நான்கு கோடு போட்டார்: முதல், வட்டி, தண்ட வட்டி, கட்டியது. தேநீர் ஆறிப்போகும்வரை எழுதினார். பிறகு கொப்பியை என் பக்கம் திருப்பி, "இதில் எந்தப் பத்தியில் உம்முடைய பாவம் இருக்கிறது, காட்டும் பார்ப்போம்" என்றார். நான் அழுதேன். அவர் சங்கடப்பட்டுப் போய் எங்கள் மெதடிஸ்தச் சபையை இலங்கைக்குக் கொண்டுவந்த வெஸ்லியன் மிஷனரிமாரின் கதையைச் சொல்லத் தொடங்கினார். 1813 கடைசியில் இலங்கைக்குப் புறப்பட்டவர்களின் தலைவர் தோமஸ் கோக் 1814இல் நடுக்கடலில் இறந்துபோனார். பண ஏற்பாடெல்லாம் அவருடைய பெயரில். மற்றவர்கள் வெறுங்கையோடு பம்பாயில் இறங்கினார்கள். அங்கே ஒரு வணிகர் முற்பணம் கொடுத்துத்தான் பயணம் தொடர்ந்தது. "எங்கள் சபையே கைமாற்றில் வந்து இறங்கியது, பிள்ளை. அவர்களிடம் யாரும் சாபம் தேடவில்லை." மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியைப் பற்றியும் சொன்னார். வருடம் 30 பவுண் வருமானம் வந்தபோது 28இல் வாழ்ந்தாராம். 60 வந்தபோதும் 28, 90 வந்தபோதும் 28. மிச்சமெல்லாம் கொடை. "அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை, சுலபம்" என்றேன். முதன்முதலாக இருவரும் சிரித்தோம். ஆனால் அதில் எனக்குப் பிடித்த விஷயம், வருமானம் ஏறியபோது அவர் தன்னைப் பற்றிய மதிப்பை அதோடு சேர்த்து ஏற்றவில்லை என்பது.

வங்கிக்கு அவரோடுதான் போனேன். உங்களுக்கும் ஒருவர் தேவை: கணக்குத் தெரிந்தவர், உங்கள் சபைத் தலைவர்களில் ஒருவராக இல்லாதவர், உங்களிடம் கடன் கேட்காதவர். இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் வருமுன் போய்விடுங்கள். தவணை மூன்று மாதம் தவறினால் கடன் செயலிழந்த கடனாகிவிடும், அதன்பின் பேசும் முறையே மாறும். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கடன்களுக்கு, நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம்விட வங்கிக்கு அதிகாரம் உண்டு. பராட்டே என்று எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். 2024இல் அரசாங்கம் அதைக் கொஞ்சகாலம் இடைநிறுத்தியது. ஆனால் இடைநிறுத்தத்தை நம்பிக் காத்திருப்பது தொழிலல்ல. என் வீடும் அறைகளும் ஒரே உறுதியில் ஈடு வைக்கப்பட்டிருந்தன. கடன் எடுக்குமுன்பே காணியைப் பிரித்து, தொழிலுக்கான துண்டை மட்டும் ஈடு வைக்க வழியுண்டு. நில அளவையாளரின் செலவு அப்போது பெரிதாகத் தெரியும், ஏலத்தோடு ஒப்பிட்டால் தூசு.

அந்த நேரத்தில் மீதி 57 இலட்சம், அதில் தண்ட வட்டி மூன்று. வீதியோரத்து எட்டுப் பேர்ச் காணியை விற்று முதலைக் குறைக்கிறேன், தண்ட வட்டியை நீக்கி மிச்சத்தைப் பத்து வருடத்துக்கு மறுசீரமைத்துத் தாருங்கள் என்று கேட்டோம். முகாமையாளர் இளம் வயதுக்காரர், மரியாதையானவர். "அம்மா, இதை இரண்டு வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் காணியை விற்காமலே பார்த்திருக்கலாம்" என்றார். அந்த வசனம் இன்னும் குத்துகிறது. ஈட்டில் இருக்கும் காணியில் ஒரு துண்டை விற்க வங்கியின் எழுத்துச் சம்மதம், புதிய வரைபடம், பிரதேச சபையின் அனுமதி எல்லாம் வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். வாங்க வந்தவர்களுக்கு எங்கள் அவசரம் மூக்கில் மணந்துவிட்டது, பேர்ச் மூன்று இலட்சத்துக்கு மேல் ஒரு சதமும் ஏறவில்லை. அம்மா நட்ட முருங்கை அந்தத் துண்டோடு போயிற்று. 2023 கடைசியில், வட்டி இறங்கத் தொடங்கிய பிறகு, புதிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று: ஏறத்தாழ 31 இலட்சம், 16 வீதம், மாதம் 52,000. இந்த முறை நிலையான வட்டி. மாறும் வட்டி மேலும் இறங்கலாமே என்றார்கள், இறங்கட்டும் என்றேன்.

மீதிப் பொருத்தனைக்கு என்ன செய்தேன் என்று சிலர் கேட்பார்கள். பொருத்தனை பண்ணிவிட்டுச் செலுத்தாமலிருப்பதைவிடப் பண்ணாமலிருப்பது நல்லது என்று பிரசங்கி புத்தகத்தை எடுத்துக் காட்டுவார்கள், அந்த வசனம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதே வேதத்தில் 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரமும் இருக்கிறது: மனவிருப்பம் இருந்தால் போதும், உள்ளதன்படிதான் ஏற்கப்படும், இல்லாததன்படி கேட்கப்படாது. இரண்டு இலட்சம் மீதி என்றும், கடன் முடியும்வரை அதைச் செலுத்த முடியாது என்றும், அதற்குப் பிறகு என் மனதில் தீர்மானிப்பதைக் கொடுப்பேன் என்றும் கடிதம் எழுதினேன். நேரில் சொல்லப் போகாதீர்கள். நேரில் போனால் கையைப் பிடித்து ஜெபிப்பார்கள், ஜெபம் முடியும்போது நீங்கள் இன்னொரு தொகைக்குச் சம்மதித்திருப்பீர்கள். வங்கிக்குப் போன கடிதத்தையும் இதையும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் போட்டேன். வங்கி அதே மாதத்தில் பதில் எழுதியது. மற்றதற்கு இன்றுவரை பதில் இல்லை, நினைவூட்டலும் இல்லை.

இப்போது தாய்ச் சபையில் ஏழாவது எட்டாவது வரிசையில், மின்விசிறிக்குக் கீழே உட்காருகிறேன். வருமானத்தில் பத்தில் ஒன்றை ஒதுக்குகிறேன், ஆனால் தவணை கட்டிய பிறகு மிஞ்சுவதில் பத்தில் ஒன்று. இது சரியா என்று இரண்டு போதகர்களிடம் கேட்டு இரண்டு பதில் கிடைத்ததால் நானே முடிவு செய்துகொண்டேன். அறுவடை ஏலத்தில் கை தூக்குவதில்லை. மழைக்காலத் தவணைக்கான கணக்கு வேறு வங்கியில், அட்டை இல்லாமல் இருக்கிறது. கடன் கடிதங்களைத் திறக்கப் பயந்து வைத்திருப்பவர்கள் பருவம் இல்லாத மாதங்களில் வீட்டுக்குக் கொண்டுவரலாம், ஐயாவும் பெரும்பாலும் பின்னேரங்களில் இங்கேதான் இருப்பார். வரும்போது ஒரு சீ.ஆர். கொப்பியும் வாங்கி வாருங்கள். என்னிடம் இருந்தவை முடிந்துவிட்டன.